ஒரே உயரத்தில் காலடிகள்

என் அப்பாவின் காலடியை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கேட்க முடியாது, பார்க்கலாம். படிக்கட்டுக்குக் கீழே தரையோடு தரையாக அவர் வைத்திருக்கும் பெட்டி ஒன்று, நிலம் அதிர்வதை அளந்து இணையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு டப்பா அளவுதான். இதே மாதிரி பெட்டியை வாங்கி வீட்டில் வைத்திருக்கும் பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எல்லாப் பெட்டிகளின் கோடுகளும் ஒரே இணையதளத்தில் ஓடும். எங்கோ கடலுக்கடியில் பூமி புரண்டு படுத்தால், அந்த அதிர்வு ஊர் ஊராக வந்து சேர்வதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். விஞ்ஞானிகள்கூட அந்தக் கோடுகளை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லும்போது அப்பாவுக்குக் குரலே மாறிவிடும்.

ஆனால் நிலநடுக்கம் தினமுமா வருகிறது? வராத நேரத்திலும் அந்தப் பெட்டி சும்மா இருக்காது. ஃபிரிட்ஜ் உறுமினால் எழுதும். வாஷிங் மெஷின் துணியைப் பிழியும்போது கோடு பேயாட்டம் ஆடும். வீட்டுக்குள் ஆள் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு முள் எழும்பும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை மேலே ஏற்றி இறக்கிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு இந்தப் பெட்டியை வாங்கித் தரையில் வைத்தார். அப்போது அம்மா இருந்தாள். குதிகாலை ஊன்றித் தொம் தொம்மென்று நடப்பவள். சமையலறையிலிருந்து அவள் வாசலுக்குப் போனால், வழியில் இருக்கும் பெட்டி அலறும். அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிரிப்பார்.

"கொஞ்சம் மெதுவாத்தான் நடயேன். வெளிநாட்டுக்காரன் பாத்துட்டு, பூகம்பம்னு ரேடியோவுல சொல்லிடப் போறான்."

"என் நடை பிடிக்கலன்னா பெட்டியத் தூக்கித் தெருவுல வைங்க. நான் இந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம், அது நேத்து வந்தது."

என் நடையும் அதே ரகம்தான். கோபமும் அவளுடையதுதான். நான் வேறொரு ஊரில், பேருந்து டிப்போவில் வேலை பார்க்கிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து, வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பி விடுகிற வேலை. டிரைவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பட்டாசு. முதுகுக்குப் பின்னால்தான் சொல்லுவார்கள், ஆனால் என் காது கூர்மை. அப்பாவிடம் சொன்னபோது, "சரியாத்தான் வெச்சிருக்கானுங்க" என்றார். கல்யாணம், குழந்தை என்று எனக்கு எதுவும் அமையவில்லை. மாடி மேல் மாடி ஏறிப் போகிற ஒற்றை அறையில் இருக்கிறேன்.

அம்மா போன பிறகு அப்பா தனியானார். அண்ணன் வந்து கூப்பிட்டான், வரவில்லை. அடுத்த தரம் வீட்டுக்குள் கேமரா மாட்டிவிட்டுப் போனான். அப்பா ஏணி போட்டு ஏறி அதைக் கழற்றி, அட்டைப் பெட்டியில் அழகாகக் கட்டி, அவனுக்கே திருப்பி அனுப்பினார். கடைசியில் முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்து வைத்தான். நல்ல இடம்தான், குறை சொல்ல முடியாது. அப்பா ஒற்றைக் காலில் நின்றார்.

"என்னைத் தூக்கிட்டுதான் போகணும். நானா நடந்து வர மாட்டேன்."

அண்ணன் என்னிடம் வந்து குதித்தான். "நாளைக்கு அவரு விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? நீ பாப்பியா?"

"பாப்பேன்" என்றேன், கோபத்தில். சொன்ன பிறகுதான் எப்படிப் பார்ப்பது என்று யோசித்தேன். அப்போது ஞாபகம் வந்தது அந்தப் பெட்டி.

அண்ணனிடம் வாக்குக் கொடுத்தேன். காலையில் அப்பா நடப்பது என் போனில் தெரிகிற வரை அவரை யாரும் அந்த வீட்டைவிட்டுக் கிளப்பக் கூடாது. தெரியாமல் போனால் நானே வந்து, நானே கூட்டிக்கொண்டு போய் இல்லத்தில் விடுவேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கோட்டப் பாத்து அப்பாவக் காப்பாத்தப் போறியா? நல்லா இருக்கு" என்றான். ஆனால் ஒப்புக்கொண்டான். அப்பாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். சொன்னால் பெட்டியையும் கட்டி அனுப்பிவிடுவார்.

அன்றிலிருந்து காலை வண்டிகளைக் கிளப்பிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறப்பேன். முதலில் ஒரு மண்ணும் புரியவில்லை. எது ஃபிரிட்ஜ், எது தெருவில் போகும் லாரி, எது மனிதக் கால்? அந்த இணையதளத்தில் பெட்டிக்காரர்கள் பேசிக்கொள்ளும் குழு ஒன்று நம் மொழியிலும் உண்டு. பட்டாசு என்ற பெயரிலேயே சேர்ந்து, அப்பாவின் பெட்டி எண்ணைப் போட்டு, காலையில் இங்கே வருகிற முட்கள் என்ன என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "கேள்வி கேட்டா பதில் சொல்ல இங்க ஆளே இல்லையா? கடலுக்கு அடியில நடக்கறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமா?" என்று எழுதினேன். உடனே ஒருவர் பதில் போட்டார். அவர் பெயர் கீழ்த்தளம்.

"அது ஒரு மனிதர் நடப்பது. பயப்பட ஒன்றுமில்லை. நடந்து பெட்டியை நெருங்கும்போது முட்கள் வளரும். தாண்டிப் போகும்போது சிறுக்கும். வளர்ந்து தேய்ந்தால் ஆள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறார் என்று அர்த்தம்."

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எல்லாம் பிடிபட்டுவிட்டது. அப்பா எழுந்தால் தெரியும். கதவை அறைந்து சாத்தினால் தெரியும். சில நாள் சமையலறைக்கும் வாசலுக்கும் நாலைந்து தரம் நடப்பார், கண்ணாடியைத் தேடுகிறார் என்று சொல்லிவிடுவேன். அவர் நடந்து முடித்த பிறகுதான் நான் டீயைக் கையில் எடுப்பேன்.

மழைக்காலம் முடிந்த சமயம், விடியற்காலையில் எங்கோ தூரத் தேசத்தில் பெரிய நிலநடுக்கம். குழுவில் ஒரே ஆரவாரம். ஆளாளுக்குத் தங்கள் பெட்டியின் கோட்டைப் படம் எடுத்துப் போட்டார்கள். அப்பா எனக்குப் போன் செய்து, "பாத்தியா, நம்ம பெட்டி எவ்வளவு சுத்தமாப் புடிச்சிருக்கு!" என்று குழந்தை மாதிரி குதித்தார். குரலில் ஒரு குறையும் இல்லை. வழக்கம்போல், வேளைக்குச் சாப்பிடுறீங்களா, முழங்கால் எப்படி என்று நான் கேட்டதற்கெல்லாம், "ஜம்முனு இருக்கேன், வேலையப் பாரு" என்றார்.

அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நானும் பக்கத்தைத் திறந்து அந்த அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அகலமாக, மெதுவாக, பூமியே மூச்சு வாங்குவது போல் இருந்தது. அதன் வாலில், அலை ஓயும் இடத்தில், அப்பாவின் காலை நடை. பழகிய பிறகு முள் எழும்பியதா என்று மட்டும்தான் பார்ப்பேன், இவ்வளவு பெரிதாக்கிப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. முட்கள் இருந்தன. எல்லாம் ஒரே உயரம்.

முதல் முள்ளும் கடைசி முள்ளும் வேலி அடித்த மாதிரி சமமாக நின்றன. வளரவில்லை, தேயவில்லை. நேற்றைய கோட்டை எடுத்தேன். ஒரே உயரம். போன வாரம், அதற்கு முந்தைய வாரம், மழை தொடங்கிய நாட்கள் வரை தள்ளித் தள்ளிப் போனேன். எல்லாம் வேலிதான். நடக்கிற மனிதர் பெட்டியை நெருங்க வேண்டும், விலக வேண்டும். நெருங்காமலும் விலகாமலும் எப்படி நடப்பது? உட்கார்ந்த இடத்தில் காலைத் தரையில் தட்டினால்தான் அப்படி வரும்.

வெளியே ஒரு வண்டிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். "யோவ், போய்யா! வழிய யார் மறிச்சா?" என்று மைக்கிலேயே கத்திவிட்டு, விடுப்பு சொல்லிக் கிளம்பினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் வாக்கைக் கேட்பான். வழி முழுக்க எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை. ஏமாற்றியிருக்கிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் காதில் பூ சுற்றியிருக்கிறார்.

கதவைத் தட்டினேன். "திறந்துதான் இருக்கு, வெச்சிட்டுப் போம்மா" என்று குரல் வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சாப்பாடு கொண்டுவந்ததாக நினைத்திருக்கிறார். உள்ளே போனேன்.

கூடமே அறையாகியிருந்தது. அக்கம்பக்கத்தார் யாரோ கட்டிலைக் கழற்றிக் கொண்டுவந்து படிக்கட்டை ஒட்டிப் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு மர நாற்காலி. அதில் அப்பா. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குடம், மருந்து, கம்ப்யூட்டர், துவைத்த சட்டைகள். இடது கால் ஒரு பக்கமாகத் திரும்பி, தன் பாட்டுக்குக் கிடந்தது. வலது காலில் மட்டும் செருப்பு. அடி கனமான பழைய வேலைச் செருப்பு.

"நீயா?" என்றார். "சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற."

"சொல்லிட்டு வந்தா எந்திரிச்சு நடந்து காமிச்சிருப்பீங்களோ?"

அவர் செருப்புக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் விடவில்லை.

"நாற்காலியில உக்காந்துக்கிட்டு ஒத்தக் காலத் தட்டித் தட்டி நடந்திருக்கீங்க. நானும் முட்டாள் மாதிரி, அப்பா நடந்துட்டாரு, இனி வண்டி ஓடும்னு உக்காந்திருக்கேன். எப்பலேருந்து இது?"

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சு. சும்மா ஒரு பிசகுதான்."

"எப்பலேருந்துன்னு கேட்டேன்."

"மழை ஆரம்பிச்சப்ப."

வழியெல்லாம் தண்ணி, மழை விடட்டும், இப்ப வராதீங்க என்று எங்கள் இரண்டு பேரையும் அவர் போனிலேயே தடுத்தது இதற்குத்தான். அவரை ஒரு அடி அடிக்கலாமா என்றிருந்தது எனக்கு. "நான் பாக்குறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் சொன்னானா?"

அப்பா முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது, மாட்டிக்கொண்ட திருடன் சிரிப்பு. "பட்டாசுன்னு பேர வெச்சுக்கிட்டு, என் பெட்டி நம்பரப் போட்டு, பதில் சொல்ல ஆளே இல்லையான்னு சண்டைக்கு நின்னா அது வேற யாரா இருக்கும்? பாவம், புள்ள தவிக்குதேன்னு நான்தான் பதில் சொன்னேன்."

"கீழ்த்தளம் நீங்களா!"

"லிஃப்ட்காரன் வேற என்ன பேர் வெப்பான்?"

எனக்குச் சிரிப்பும் வந்து அழுகையும் வந்து, எது முந்தியது என்று தெரியவில்லை. "வளரும் தேயும்னு எனக்குச் சொன்னதே நீங்கதான். அத வெச்சுதானே உங்க குட்ட உடைச்சேன்."

"தெரியும்மா. ஒரே உயரமா வரும்னு எனக்குத் தெரியாதா? நீ அவ்வளவு பெருசாக்கிப் பாக்க மாட்டேன்னு நெனச்சேன். இவ்வளவு நாளும் பாக்கலியே" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தெனமும் நீ பாக்குறேன்னு தெரிஞ்சதுலேருந்து நான் தனியா இருக்கற மாதிரியே இல்ல. காலையில எந்திரிச்சதும், நம்ம பொண்ணுக்கு நடந்து காட்டணும்னு ஒரு வேலை இருக்கும். அத விட மனசு வரல" என்றார்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் காலைத் தொட்டுப் பார்த்தேன். தொடைக்கு மேலே, இடுப்புப் பக்கம் தொடவே விடவில்லை.

"இவ்வளவு வலியோட இந்த வீட்டுல என்னப்பா இருக்கு? எங்க வந்தாலும் பெட்டியத் தூக்கிட்டு வரலாமே."

அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார். பழைய தேதி ஒன்றை அடித்தார். அந்த இணையதளம் எந்த நாளையும் தூக்கிப் போடுவதில்லை, எல்லாப் பெட்டியின் எல்லா நாளும் அங்கே கிடக்கும். அம்மா இருந்த வருஷத்து ஒரு சாதாரண நாள் திறந்தது. வாஷிங் மெஷின் ஆடிய ஆட்டம். அப்பாவின் சின்ன முட்கள். பிறகு சமையலறைப் பக்கமிருந்து ஒரு நடை கிளம்பியது. சிறிதாகத் தொடங்கி, வளர்ந்து வளர்ந்து, பெட்டியைத் தாண்டும் இடத்தில் கோட்டைவிட்டே வெளியே எகிறி, வாசல் பக்கம் போய்த் தேய்ந்தது. பெயர் எழுதி ஒட்ட வேண்டிய தேவையே இல்லை.

"போட்டோ இருக்கு, குரல்கூட போன்ல இருக்கு. ஆனா அவ நடை வேற எங்கடி இருக்கு?" என்றார் அப்பா. "வேற வீட்டுத் தரை வேற மாதிரி அதிரும். இந்தக் கோடு இந்தத் தரையோடது. இங்க உக்காந்து பாத்தா, அவ இந்தப் பக்கமாத்தான் போனான்னு தெரியுது."

அந்த நடையை நானும் இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். வேறு வழியில்லை.

அண்ணன் வந்து, நான் எதிர்பார்த்த அத்தனையும் கத்தினான். "உன் கோடு லட்சணத்தப் பாத்தியா?" என்றான். பிறகு அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இடுப்பு மூட்டில் எலும்பு உடைந்து, கோணலாகவே ஒட்டத் தொடங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தால்தான் வலி போகும், இதயம் தாங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எங்களை முந்திக்கொண்டு அப்பா பதில் சொன்னார்.

"பண்ணிடுங்க. நான் வீட்டுக்கு நடந்து போகணும். இவங்க ரெண்டு பேருக்கும் ஒரு சண்டை இருக்கு, அத முடிச்சு வெக்கணும்."

மறுநாள் காலையில் அறுவை சிகிச்சை என்றிருக்க, அன்று மதியம் அவர் என் போனை வாங்கித் தன் பெட்டியின் பக்கத்தைத் திறந்தார். ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு வந்திருந்தோம். கோடு தட்டையாக ஓடியது. ஆள் இல்லாத வீடு.

"இப்படிக் கெடந்து நான் பாத்ததே இல்ல" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஒரு தரம் போயி நடந்துட்டு வரியா? சமையக்கட்டுலேருந்து வாசல் வரைக்கும். போதும்."

அண்ணனை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, என் போனை அவரிடமே விட்டுவிட்டு, அண்ணன் போனை வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் மருந்து வாசனை இன்னும் இருந்தது. கட்டிலையும் நாற்காலியையும் ஓரமாக இழுத்துப் போட்டுப் பாதையை ஒழித்தேன். செருப்பைக் கழற்றினேன். அடுப்பருகில் போய் நின்றபோது என்னவோ வெட்கமாக இருந்தது. ஒருவரும் இல்லாத வீட்டில், பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடப்பதற்குக் கால் வரவில்லை. முதலில் மெதுவாக இரண்டடி வைத்தேன். பிறகு, இது என்ன பூனை நடை என்று எனக்கே எரிச்சல் வந்தது. திரும்பிப் போய், என் வழக்கப்படி குதிகாலை ஊன்றித் தொம் தொம்மென்று நடந்தேன். படிக்கட்டைத் தாண்டினேன், வாசல் கதவைத் தொட்டேன். அங்கேயே நின்றேன்.

நாம் நடப்பது அந்தப் பக்கத்தில் வந்து சேரச் சில நிமிடம் ஆகும். அண்ணனின் போனில் குழுவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கீழ்த்தளம் எழுதியது வந்தது. எழுத்துப் பிழை இல்லாமல், நிறுத்தி நிதானமாக, குழுவில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதியிருந்தார்.

"நண்பர்களே, என் பெட்டியில் சற்று முன் பதிவானது நிலநடுக்கம் அல்ல. யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம். அது என் மனைவியின் நடை. நடந்தவள் என் மகள்."

நான் அந்த வாசற்படியிலேயே சத்தம் போட்டு அழுதேன். சைக்கிளைத் துடைத்தவர் எழுந்து வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அப்பா அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண் விழிக்கவில்லை. டாக்டர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். யார் மேலும் கோபப்பட வழியில்லை, என்னைப் போன்றவளுக்கு அது பெரிய கஷ்டம். எல்லாம் முடிந்த பிறகு அண்ணன் பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதன் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிளக்கைப் பிடுங்கப் போகிறான் என்று நினைத்து நான் சண்டைக்குத் தயாரானேன். அவன் பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு எழுந்தான்.

அப்பாவின் ஊர் டிப்போவுக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அந்த வீட்டில் நான்தான் இருக்கிறேன். இங்கேயும் டிரைவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள், அதே பெயர். ஒரு விடுமுறை நாள், உடம்பு முடியாமல் எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தேன். வெயில் ஏறிவிட்டது. போன் அடித்தது, அண்ணன்.

"என்னடி, இன்னும் நடக்கல?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

"ஜுரம்தான், ஒண்ணுமில்ல" என்றேன்.

"பொய் சொல்லாத. எந்திரிச்சு நட. நான் பாக்கணும். நாற்காலியில உக்காந்து தட்டாத, எனக்கும் படிக்கத் தெரியும்."

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சமையலறையிலிருந்து வாசல் வரை நடந்தேன். அவன் போனை வைக்காமல் காத்திருந்தான்.